சமய வகுப்பு இருந்தால் ஒழுக்கம் வந்துவிடுமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் கோலாலம்பூரில் ஒரு மிஷன் பள்ளியில் நான்காம் படிவம் (பத்தாம் வகுப்பு) படிக்கிறாள். முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கான நன்னெறிப் பாடத்தில் எப்போதும் ஏ. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி இருப்பதுபோல நம் பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே சமய வகுப்பு வைத்தால் என்ன?

- ஒரு வாசகி, செந்தூல்

அன்புள்ள சகோதரிக்கு,

வைக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. அரசாங்க உதவி பெறும் பள்ளிகளுக்கு 1996 கல்விச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அரசாங்கப் பணத்தைத் தொடக்கூடாது, வேறு சமயத்துப் பிள்ளை வந்து உட்காருவதென்றால் அதன் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும், அவ்வளவுதான். உங்கள் மகள் பள்ளியும் பெயரில்தான் மிஷன், பாடத்திட்டம் அரசாங்கத்துடையது.

நன்னெறிப் பாடம் பற்றிய உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. என் அண்ணன் மகன் படித்தபோது 36 பண்புகள், ஒவ்வொன்றுக்கும் விளக்கம், அதையும் புத்தகத்தில் உள்ளபடியே எழுதவேண்டும் என்று ராத்திரியெல்லாம் உருப்போடுவான். நேர்மையின் விளக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனவர்களும் உண்டு!

ஆனால் சமய வகுப்பு இதைச் சரிசெய்யும் என்று நான் நம்பவில்லை. பினாங்கில் சின்ன வயதில் ஞாயிறுதோறும் தேவார வகுப்புக்குப் போனவன் நான். ஒரு வருடம் போட்டியில் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் குவளை. வெளியே வந்தால் என் நீலச் சிலிப்பரின் வார் அறுந்து கிடந்தது. அதே நீலத்தில் இன்னொரு பையனின் புதுச் சிலிப்பர் பக்கத்தில் இருந்தது, மாட்டிக்கொண்டேன். அவன் அம்மா அறுந்ததைப் பார்த்துவிட்டு, "வாங்கி ஒரு வாரம் ஆகலையேடா" என்று கோயில் வாசலிலேயே அவனைச் சாத்தினார். நான் குவளையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பாடிய பாட்டு அப்போதும் வாயில்தான் இருந்தது.

ராத்திரி அப்பாவிடம் உளறிவிட்டேன். அவர் அடிக்கவில்லை. மறுநாள் சைக்கிளில் ஏற்றி அந்தப் பையன் வீட்டுக்குக் கூட்டிப்போய், "நீயே சொல்லு" என்று உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

அதற்காகத் தேவார வகுப்பு வீண் என்று சொல்லமாட்டேன். இன்றும் மனசு சரியில்லை என்றால் அதைத்தான் முணுமுணுக்கிறேன். மகளைத் தாராளமாக அனுப்புங்கள், சாமிக்காக அனுப்புங்கள். எனக்கு உறுத்துவது வேறு: மணி அடித்ததும் வகுப்பே இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி இஸ்லாமியக் கல்விக்கும் மறுபாதி நன்னெறிக்கும் போய்விடுகிறது. பொய், காப்பியடிப்பது, கேலி எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதானே, அதைப் பற்றி மட்டுமாவது ஒரே அறையில் உட்கார்ந்து பேசக்கூடாதா?

அப்புறம் அந்தப் பாட்டி விஷயம். இன்று ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் மகள் கையில் கொடுத்தனுப்புங்கள். முனகிக்கொண்டேதான் போவாள், போகட்டும். கிண்ணத்தைத் திரும்ப வாங்கவும் அவளையே அனுப்புங்கள்.