எலுமிச்சையை முதலில் நிறுத்துங்கள்

தம்பி, தர்மபுரியில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்ததாகவும், சின்ன வயதிலிருந்தே முன்பற்களில் பழுப்புக் கறை என்றும், எலுமிச்சையும் சோடா உப்பும் தேய்த்தும் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் போகும்? இது ஃப்ளோரோசிஸ் போலத் தெரிகிறது. பல் உருவாகும் வயதில் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் கறை எனாமலுக்குள்ளேயே, அதாவது பல்லின் கெட்டியான மேலுறைக்குள்ளேயே, இருக்கும். எலுமிச்சை அமிலம் எனாமலைத்தான் கரைக்கும். போன எனாமல் திரும்ப வளராது. (டீக்கறை வேறு கதை, கிளீனிங்கிலேயே போய்விடும்.)

பல் மருத்துவரிடம் மைக்ரோஅப்ரேஷன் பற்றிக் கேளுங்கள். எனாமலின் மேல்பரப்பை மிக மெல்லிசாகச் சுரண்டுவார்கள். அப்புறம் தேவைப்பட்டால் பல்லை வெளுக்க வைக்கும் 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல், உங்கள் பல் அளவுக்குச் செய்த டிரேயில், இரவில் சில வாரம். கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். ஆரம்பத்தில் வெள்ளைத் திட்டுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும், பயப்படாதீர்கள். வெனீருக்கு (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு) மட்டும் அவசரப்பட வேண்டாம்.