லெதரா, துணியா? முதலில் அந்த ‘லெதரை’த் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: புதுக் கார் வாங்கப் போகிறோம். எங்களுக்குப் பிடித்த மாடலில் துணி சீட்தான் வருகிறது. லெதர் வேண்டுமென்றால் இரண்டு படி மேலே உள்ள மாடலுக்குப் போக வேண்டும். “எதற்கு வீண் செலவு? இதையே எடுங்கள், நாங்களே அசல் லெதர் போட்டுத் தருகிறோம்” என்கிறார் ஷோரூம்காரர். துணி சீட் ஆறே மாதத்தில் அழுக்கேறி நாறும் என்றும் பயமுறுத்துகிறார். எங்களுக்கு இரண்டு குழந்தைகள். சின்னவளுக்குக் காரில் ஏறினாலே வாந்தி. வண்டி பகலெல்லாம் வெயிலில் நிற்கும். எதை எடுப்பது?

பதில்: துணி சீட்டையே எடுங்கள். அதன் மேல் எதையும் போர்த்தாதீர்கள்.

இவ்வளவுதான் பதில். ஆனால் நீங்கள் மறுபடி ஷோரூமுக்குப் போனால் அந்த மனிதர் ஐந்தே நிமிடத்தில் உங்கள் மனத்தை மாற்றிவிடுவார். அதனால் காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கார் சீட் தைக்கிறவன் நான். நீங்கள் லெதர் போட்டால்தான் என் போன்றவர்களுக்கு வருமானம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் முன்னால் இருப்பது லெதரா, துணியா என்ற கேள்வியே அல்ல. துணியா, ரெக்சின் என்ற செயற்கைத் தோலா என்பதுதான். அவர் காட்டும் ‘அசல் லெதர்’ மாதிரியைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். தோலின் பின்பக்கம் பொசுபொசுவென்று, ஒழுங்கில்லாத நார்களோடு இருக்கும். ரெக்சினின் பின்பக்கத்தில் பனியன் துணிபோலச் சீரான பின்னல் தெரியும். வேடிக்கை என்னவென்றால், பல கடைகளில் மாதிரித் துண்டுகளை அட்டையில் அழுத்தி ஒட்டி வைத்திருப்பார்கள். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? திருப்பிப் பார்க்க முடியக் கூடாது என்பதற்குத்தான். ஒட்டாத துண்டு ஒன்று கொடுங்கள் என்று கேளுங்கள். முகம் மாறினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

அடுத்ததாக லைட்டரை எடுப்பார். “பாருங்கள், தீப்பிடிக்கவில்லை, அசல் தோல்!” என்பார். காருக்குள் போடும் எந்தப் பொருளும் சட்டெனத் தீப்பிடிக்கக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. அமெரிக்க விதிப்படி நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது. அந்தக் கணக்குக்கென்றே செய்த ரெக்சினும் லைட்டர் சோதனையில் தேறிவிடும். வாசனையை வைத்துக் கண்டுபிடிப்பது அதைவிட மோசம். தோல் வாசனை புட்டியில் அடைத்து விற்கிறது. இரண்டு முறை அடித்தால் பிளாஸ்டிக் நாற்காலிகூட மணக்கும்.

பின்பக்கத்தில் நாரும் தெரிகிறது, விலையும் மலிவு என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. தோல் கழிவைத் தூளாக்கி, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பசையில் குழைத்துத் தகடாக்கி விற்கிறார்கள். இதில் தோல் இருக்கிறது என்பது பொய்யில்லை. மரத்தூளை ஒட்டிச் செய்த பலகையை மரம் என்று சொன்னால் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை. உட்கார்ந்து எழும் இடத்தில் அது பாளம் பாளமாக உரியும்.

மேல் மாடலில் கம்பெனியே போட்டுத் தரும் லெதர் மட்டும் முழுக்க லெதர் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் உடம்பு படும் இடத்தில் மட்டும்தான் தோல். பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் ரெக்சின்தான். விளம்பரத் தாளின் அடியில், எறும்பளவு எழுத்தில் அது இருக்கும். தோல் இருக்கும் இடத்திலும் உங்கள் கை நேராகத் தோலைத் தொடுவதில்லை. மேலே நிறமும் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கின்றன. அந்தப் பூச்சு 0.15 மில்லிமீட்டருக்குள் இருக்கும்வரை அதை லெதர் என்றே அழைக்கலாம் என்று ஐரோப்பியத் தரவரையறை சொல்கிறது. ஒரு சட்டை வாங்கினால் கழுத்துப்பட்டையில் பருத்தி எத்தனை சதவீதம், பாலியெஸ்டர் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது. சட்டையைவிட எத்தனையோ மடங்கு விலையுள்ள காரின் சீட்டுக்கு அப்படி ஒரு லேபிள் ஒட்ட இவர்களுக்குக் கை வரவில்லை. கேட்டால் ‘பிரீமியம்’ என்கிறார்கள். அது எந்த விலங்கின் தோல் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ரெக்சினை நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம். மெர்சிடிஸ் கம்பெனி பல பத்தாண்டுகளாக எம்பி-டெக்ஸ் என்ற ரெக்சினைத் தன் கார்களில் போட்டு வருகிறது. தோலைவிட நீண்ட நாள் உழைக்கும் என்று அதற்குப் பெயரே உண்டு. நல்ல ரெக்சினை ரெக்சின் என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இதற்கு முன் படித்ததையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இப்போது வரும் பல கார்களில் முன் சீட்டின் முதுகுப்பகுதியில், கதவை ஒட்டிய ஓரத்தில், பக்கவாட்டு ஏர்பேக் ஒளிந்திருக்கிறது. அந்த இடத்தில் ‘ஏர்பேக்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய, விரல் நகம் அளவு பட்டை ஒன்று தைத்திருக்கும். பக்கத்திலிருந்து வண்டி மோதினால் அந்தப் பை ஒரு விநாடியில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். கதவுக்கும் உங்கள் விலாவுக்கும் நடுவே இருப்பது ஒரு சாண் இடம்தான். அதற்குமேல் அவகாசம் கிடையாது. அதனால்தான் அந்த ஓரத்தில் மட்டும், வேகமாகப் பிரியும்படி கணக்குப் போட்டுத் தைத்திருக்கிறார்கள்.

அதன் மேல் ஒரு கவரைப் போர்த்தினால் என்ன ஆகும்? என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. வெளியில் போட்ட கவர், ஓரத்தில் லேசாகக் கிழிசல், தைத்துத் தர வேண்டும் என்றார்கள். கவரின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ பட்டை பளிச்சென்று இருந்தது. கழற்றி உள்பக்கம் பார்த்தேன். பட்டைக்குப் பின்னால் கெட்டி நைலான் நூலில் இரட்டைத் தையல், அதன் மேல் வலுவுக்கு ஒரு நாடா. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. அதாவது, பை வெளியே வர வேண்டிய வாசலுக்குப் பூட்டுப் போட்டு, மேலே ‘வாசல்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் அந்தச் சீட்டில் எத்தனை மாதம் போய் வந்ததோ.

ஒழுங்காகச் செய்த கவர் இல்லாமல் இல்லை. ஆனால் அது ஒழுங்கானதா என்று கடையில் நின்றுகொண்டு உங்களால் சொல்ல முடியாது, விற்பவராலும் முடியாது. யாரும் சோதிப்பதில்லை, யாரும் கேட்பதில்லை. வண்டியின் முகப்பு விளக்கை மாற்றினால் கேள்வி கேட்கும் அதிகாரி, ஏர்பேக்கைத் தைத்து மூடினால் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

“கவர் இல்லை சார், பழைய துணியைக் கழற்றிவிட்டு ஒரேயடியாக லெதர் தைத்துத் தருகிறோம்” என்று சொன்னால் ஆபத்து இன்னும் அதிகம். அதற்குச் சீட்டையே வெளியே எடுக்க வேண்டும். அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஒயர் இணைப்பு இருக்கும். மஞ்சள் என்றால் ஏர்பேக் ஒயர். தெரியாத பையன் அதைப் பிடுங்கிவிட்டு, நடுவில் சாவியைத் திருப்பி வண்டியை நகர்த்துவான். டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிக்கும். “பேட்டரி சரியில்லை சார், இரண்டு நாளில் அணைந்துவிடும்” என்பார்கள். அணையாது. அந்த விளக்கு எரியும்வரை ஏர்பேக்கை நம்ப முடியாது. சர்வீஸ் சென்டருக்குப் போனால், “வெளியே கை வைத்துவிட்டீர்களே, வாரண்டி எப்படித் தருவது?” என்று கை விரிப்பார்கள். அந்த லெதரை உங்கள் தலையில் கட்டியது அதே கட்டடத்தின் முன்பக்க மேஜையாக இருக்கும்.

வெயிலைப் பொறுத்தவரை உங்கள் கேள்விக்கு விடை எளிது. கருப்பு ரெக்சின் வெயிலில் நின்றால் அரைக்கால் சட்டை போட்ட குழந்தை அதில் உட்கார்ந்ததும் அலறும். துணியும் சுடும், ஆனால் தொட்டவுடன் அவ்வளவு வேகமாக உடம்புக்குச் சூட்டைக் கடத்தாது, வியர்வைக்கும் காற்றோட்டம் கொடுக்கும். மலிவு பிவிசி ரெக்சினை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்ல ஆவியாகி, முன்கண்ணாடியின் உட்புறத்தில் புகைபோலப் படியும். துடைத்தாலும் இழுசும். அது போகப் போக ரெக்சின் விறைத்து வெடிக்கும். பாலியூரித்தேன் ரெக்சினுக்கு வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் ஆகாது. செதில் செதிலாக உரியும்.

இப்போது உங்கள் சின்ன மகள். துணிக்கு எதிராக நான் ஒப்புக்கொள்ளும் ஒரே வாதம் இதுதான். வாந்தி, சிறுநீர், கொட்டிய பால் ஆகியவை துணி வழியாக ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிட்டால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாது. ரெக்சினில் துடைத்தால் போய்விடும் என்று ஷோரூம்காரர் சொல்வது பாதி உண்மை. மழமழவென்று இருக்கும் பரப்பில் போகும். ஆனால் தையல் வழியே இறங்கும். ஊசித் துளைகள் போட்ட ரெக்சின் என்றால் கேட்கவே வேண்டாம். துளை வழியாக உள்ளே போய்விடும், உறையைக் கழற்றாமல் எடுக்கவும் முடியாது. எனவே துளையில்லாத ரெக்சின் கம்பெனியிலிருந்தே வரும் மாடல் உங்கள் கைக்கு எட்டினால், உங்கள் வீட்டுக்கு அது துணியைவிட ஒரு படி மேல் என்பதை மறுக்க மாட்டேன். எட்டவில்லை என்றால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

துணி சீட்டிலேயே இதைச் சமாளிக்க முடியும். அவள் குழந்தை இருக்கையில் உட்காருகிறாள் என்றால், அந்த இருக்கையின் துணி பெரும்பாலும் கழற்றித் துவைக்கக்கூடியதுதான். பாதி வேலை அங்கேயே முடிந்தது. காரின் சீட்டைக் காக்க அடியில் ஒரு மெல்லிய, தண்ணீர் இறங்காத விரிப்பு போதும். இங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. கெட்டி மெத்தைபோன்ற விரிப்பைப் போட்டால் இருக்கை இறுக்கமாகப் பிடிக்காது. இருக்கைக் கம்பெனியின் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். முழு சீட் கவர் போட்டால், குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் அடியில் மறைந்துவிடும். அவள் பெரியவளாகி இருக்கை தேவைப்படாத வயதில் அந்த விரிப்பு மட்டும் இருக்கட்டும். வாந்தி எடுத்தால் தேய்க்காதீர்கள்; தேய்த்தால் உள்ளேதான் இறங்கும். கரண்டியால் வழித்து எடுத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, பிறகு கொஞ்சமாகச் சோப்பு நீர். தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறேன் என்று யாராவது வந்தால் விரட்டுங்கள். நனைந்த ஸ்பாஞ்சு காய நாளாகும், அதற்குள் பூஞ்சை பிடிக்கும்.

துணி என்றால் மட்டம் என்ற எண்ணம் உள்ளே உறுத்தினால் இதைக் கேளுங்கள். பழைய காலப் பெரிய கார்களில் ஓட்டுநர் உட்கார்ந்த முன் சீட்டுக்குத்தான் தோல். மழையிலும் வெயிலிலும் அது தாங்கும் என்பதற்காக. முதலாளி உட்கார்ந்த பின் சீட்டுக்கு உயர்ந்த கம்பளித் துணி. ஜப்பானில் டொயோட்டாவின் ஆடம்பரக் காரான செஞ்சுரியில் கம்பளித் துணி சீட்டை இன்றும் விரும்பி வாங்குகிறார்கள். தோல் போன்று சத்தம் எழுப்பாது என்பது அதற்கு ஒரு காரணம்.

கடைசியாக, “இலவசமாகவே போட்டுத் தருகிறோம்” என்பார்கள். அப்போதும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது. ‘சீட் கவர் போடக் கூடாது’ என்று ஆர்டர் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் வண்டி எடுக்கப் போகிற அன்று கவர் மாட்டியே நிற்கும். சீட்டின் மேல் கம்பெனி சுற்றி அனுப்பும் பிளாஸ்டிக் உறையையும் அன்றைக்கே உரித்துவிடுங்கள். புதுசு கலையாமல் இருக்கட்டும் என்று வருடக்கணக்கில் அதன் மேலேயே உட்காருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஏர்பேக் தையலின் மேல்தான் கிடக்கிறது.