பார் மிட்ஸ்வாவுக்குப் பிறகு – கடிதம்

வணக்கம் ஐயா,

நியூ ஜெர்ஸியில் என்னோடு பணிபுரியும் யூத நண்பர், தம் மகனுக்கு 13 வயதானதையொட்டி நடந்த பார் மிட்ஸ்வா என்னும் சமய விழாவுக்கு எங்களை அழைத்திருந்தார். பையன் சினகாக் எனும் யூத வழிபாட்டுக்கூடத்தின் மேடையில் நின்று, அவர்களின் வேதமான தோராவின் சுருளிலிருந்து எபிரேயத்தில் ராகத்தோடு வாசித்தான். முடித்ததும் எல்லோரும் அவன்மேல் மிட்டாய்களை எறிந்தார்கள். பிறகு, வீட்டுச் சுவரில் பூசணம் பிடிப்பதைப் பற்றி ஓர் உரை ஆற்றினான்! விருந்தில் நண்பர், "இனிமேல் எபிரேய வகுப்பு இல்லை என்பதைத்தான் இவன் கொண்டாடுகிறான்" என்று சிரித்தார். இது நம்மவர் செய்யும் உபநயனம் போன்றதா? இத்தோடு படிப்பு முடிந்துவிடுமானால் இத்தனை ஆண்டுகள் கற்பித்ததற்கு என்ன பொருள்?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

உபநயனம் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் உபநயனத்தில் சடங்குதான் ஒருவனை அந்த நிலைக்குக் கொண்டுசெல்கிறது, இங்கே அப்படியில்லை. யூத நாட்காட்டிப்படி 13 வயது நிறைந்த நாளிலேயே, விழா நடந்தாலும் நடக்காவிட்டாலும், சமயக் கட்டளைகளைக் கடைப்பிடிக்கும் கடமை பையனுக்கு வந்துவிடுகிறது. கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்துப் பேரில் ஒருவனாகவும் அவன் எண்ணப்படுகிறான். நீங்கள் பார்த்தது, ஏற்கெனவே வந்துவிட்ட அந்தத் தகுதியை அவன் சபைமுன் முதன்முறையாகப் பயன்படுத்தியதை. பழைய வழக்கப்படி அப்போது தந்தை எழுந்து, மகனுக்காகத் தான் சுமந்த பொறுப்பிலிருந்து விடுவித்தமைக்காக இறைவனைப் போற்றுவார். கேட்கக் கடுமையாக இருக்கிறது என்று பல சபைகளில் இதைச் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தமே; அன்று நடக்கும் கைமாற்றத்தை அந்த ஒரு வரி மட்டுமே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

அந்த வாசிப்பு எளிதானதல்ல. தோல் சுருளில் கையால் எழுதப்பட்ட அந்த எழுத்துகளுக்கு உயிர்க்குறிகள் கிடையாது, நிறுத்தக்குறிகள் கிடையாது, ராகத்துக்கான அடையாளங்களும் கிடையாது. எனவே பிள்ளைகள் ஒரே பகுதி இரண்டு பத்திகளாக அச்சிடப்பட்ட நூலை வைத்துப் பயில்கிறார்கள். ஒரு பத்தியில் எல்லாக் குறிகளும் இருக்கும், மற்றது சுருளில் உள்ளதுபோல வெறும் மெய்யெழுத்துகளாக நிற்கும். முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதை வாசிக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். மேடையில் விரலால் தோலைத் தொடக்கூடாது என்பதால், நுனியில் சிறு கை வடித்த வெள்ளிக்கோல் ஒன்றால் வரிகளைத் தொடர்வார்கள். பொருள் மாறும்படி பிழை வந்தால் பக்கத்தில் நிற்பவர் உரக்கத் திருத்துவார், பையன் அந்தச் சொல்லைத் திரும்ப வாசிப்பான். அதை யாரும் அவமானமாகக் கருதுவதில்லை.

பூசணத்துக்கு வருகிறேன். தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு வாரந்தோறும் முறைப்படி வாசிக்கப்படுகின்றன; பிள்ளை பிறந்த நாளையொட்டிய வாரத்துக்கு உரியது எதுவோ அதுவே பெரும்பாலும் அவன் பங்கு. உங்கள் நண்பரின் மகன் வசந்தகாலத்தில் பிறந்திருக்க வேண்டும். அப்போது வருவது தோல்நோயையும் சுவரில் படரும் பூசணத்தையும் பேசும் பகுதி, அந்த ஐந்து நூல்களில் ஒன்றான லேவியராகமத்தில் உள்ளது. இது தன் தலையில் விழக்கூடாதே என்று பிள்ளைகள் அஞ்சுவது அங்கே பழைய வேடிக்கை. ஆனால் அதில் நல்ல சரக்கு இருக்கிறது. அத்தகைய வீட்டை ஆலயப் பூசாரியான குரு வந்து பார்ப்பதற்குமுன் உள்ளிருக்கும் பொருட்களை வெளியே எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அவர் தீட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தீட்டாகிவிடும் என்கிறது அந்நூல். மற்றவற்றைக் கழுவித் தூய்மையாக்கிக்கொள்ளலாமே, பின் எதைக் காப்பாற்ற இந்த ஏற்பாடு என்று கேட்ட பழைய ரபிகள் எனும் யூத வேத அறிஞர்கள், கழுவித் தூய்மையாக்க முடியாத மண்பாண்டங்களுக்காக என்று விடை கண்டார்கள். விலைமலிந்த ஒரு சட்டிக்காகக் கூட வேதம் கவலைப்படுகிறது என்பது அவர்கள் வாசிப்பு. பூசணத்தைப் பற்றிய வரியிலிருந்து அண்டைவீட்டாரின் இழப்பு வரைக்கும் ஒரு பையன் தானாக நடந்து செல்வானானால், அவனுக்கு வாசிக்கத் தெரிந்துவிட்டது என்றே சொல்வேன்.

இரண்டாவது கேள்விதான் அந்தச் சமூகத்தையே உறுத்துவது. ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் 'பிதாக்கள்' பகுதியில் ஒரு வயதுப் பட்டியல் உண்டு: 5 வயதில் வேதம், 10 வயதில் மிஷ்னா, 13 வயதில் கட்டளைகள், 15 வயதில் மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தால்முத், 18 வயதில் திருமணம். அதன்படி 13 நடுவில் உள்ள படி. கடினமான படிப்பு அதற்கு அப்பால்தான் இருக்கிறது. அமெரிக்காவில் சினகாக் வகுப்புகள் அந்த ஒரு நாளைக் குறிவைத்தே அமைந்துபோனதால் நடுப்படி உச்சிப்படியாகிவிட்டது. அரங்கேற்றத்தோடு சலங்கையைக் கழற்றி வைத்துவிடும் நம் பிள்ளைகளை உங்கள் மாநிலத்து எடிசன் நகரிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

மாற்று வழிகள் தேடப்படாமலில்லை. பிலடெல்பியாவில் ரெபேக்கா கிராட்ஸ் 1838இல் தொடங்கிய ஞாயிறு பள்ளியில் பெண்களே ஆசிரியர்கள், பாடம் ஆங்கிலத்தில், சிறுமிகளும் மாணவர்கள். மேடையில் வாசிப்பது அதன் இலக்கே அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சீர்திருத்த யூதர்கள் 'கன்ஃபர்மேஷன்' என்ற விழாவை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் அது 15, 16 வயது ஆண், பெண் இருபாலாரும் ஒரு வகுப்பாக தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷாவுவோத் பண்டிகையன்று நிறைவுசெய்யும் விழாவாக வளர்ந்தது. படிப்பைச் சில ஆண்டுகள் நீட்டுவதற்கு இது நல்ல உத்தி என்பதால் சில சபைகள் பார் மிட்ஸ்வாவையே கைவிட்டன. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் அது திரும்பி வந்தது. தன் பிள்ளை தனியாக மேடையேறுவதைப் பார்க்கும் ஆசையைப் பெற்றோரிடமிருந்து எந்தச் சீர்திருத்தத்தாலும் பிடுங்க முடியவில்லை.

பெண்பிள்ளைகளுக்கும் அந்த மேடை கிடைத்தது. 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் ரபி மார்டெகாய் கப்லான் தம் மகள் ஜூடித்தைச் சபைமுன் வாசிக்கவைத்தார். பெண்பிள்ளைகளுக்கான இந்த விழாவுக்குப் பாட் மிட்ஸ்வா என்று பெயர்; அமெரிக்காவில் அதில் முதலாவது என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது அதுதான். அன்று அவள் வாசித்தது சுருளிலிருந்து அல்ல, அச்சுப் புத்தகத்திலிருந்து. இன்று வைதிகரல்லாத சபைகளில் சிறுமிகளும் சுருளிலிருந்தே வாசிக்கிறார்கள்.

பிள்ளைகளைத் தக்கவைக்க இப்போது பல சினகாக்குகள் கையாளும் வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. பார் மிட்ஸ்வா முடித்த பதின்வயதினரைச் சிறுவர் வகுப்புகளில் உதவி ஆசிரியர்களாக உட்காரவைக்கிறார்கள், சில இடங்களில் சிறு ஊதியமும் தருகிறார்கள். தோராவில் ஆர்வமில்லாத பையன்கூட, தன்னைவிடச் சிறியவன் ஒருவன் அலெஃப், ஐயின் என்ற எபிரேய எழுத்துகளைக் குழப்பிக்கொண்டு தன் முகத்தைப் பார்க்கும்போது நூலைத் திறந்துதான் ஆகவேண்டும். உங்கள் நண்பரின் சபையில் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், மகனை அடுத்த பருவத்துக்குச் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.