ஷெட்யூல் செய்த போஸ்ட்டைத் திருத்தலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டிலிருந்தே புடவை விற்கிறேன். ஆடித் தள்ளுபடி போஸ்ட்டைப் பஃபரில் (போஸ்ட்களை முன்கூட்டியே எழுதி, நேரம் குறித்து வைக்க உதவும் ஆப்) எழுதி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை காலை போகும்படி ஷெட்யூல் செய்துவிட்டேன். இப்போது தள்ளுபடியை இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கலாம் என்று இருக்கிறோம். அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா? என் தங்கை டிராஃப்டாக வைத்திருக்கும் போஸ்ட் ஒன்றும் இருக்கிறது, அது தானாகப் போய்விடுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: அழிக்கவே வேண்டாம். பஃபரில், வெளியாகக் காத்திருக்கும் போஸ்ட்களின் வரிசையில் அந்த போஸ்ட்டைத் திறந்து எடிட் கொடுத்து, மாற்றி, சேவ் செய்தால் போதும், நேரத்தை நீங்களாகத் தொடாதவரை அதே வெள்ளிக்கிழமை காலையே போகும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். ஒரே தடவையில் எழுதியதால் அது ஒரே போஸ்ட் என்று நமக்குத் தோன்றும், ஷெட்யூல் கொடுத்ததுமே பஃபர் அதை இரண்டாக்கி, ஃபேஸ்புக் வரிசையில் ஒன்று, இன்ஸ்டாகிராம் வரிசையில் ஒன்று என்று வைத்துவிடும். ஒன்றில் தேதியை மாற்றினால் மற்றொன்றில் பழைய தேதிதான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகத் திறந்து திருத்துங்கள்.

அப்புறம், போஸ்டர். நம் ஊர்க் கடைப் போஸ்ட்களில் கடைசித் தேதியும் விலையும் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும், கேப்ஷனை மட்டும் மாற்றிவிட்டால் மேலே ஒரு தேதி, கீழே ஒரு தேதி என்று நின்று, வாடிக்கையாளர் போன் போட்டு எது சரி என்று கேட்பார். படத்தையும் புதிதாகச் செய்து ஏற்றுங்கள். இதை வெள்ளிக்கிழமைக்கு முன்பே செய்துவிடுவது முக்கியம், ஏனென்றால் இன்ஸ்டாகிராமில் வெளியான பிறகு கேப்ஷனைத் திருத்த முடியுமே தவிர, போட்ட படத்தை எடுத்துவிட்டு வேறு படம் வைக்க முடியாது. ஃபேஸ்புக்கில் எழுத்தைத் திருத்தலாம், ஆனால் முன்பு என்ன எழுதியிருந்தீர்கள் என்பதை எடிட் ஹிஸ்டரியில் மற்றவர்களும் பார்க்கலாம். விலை விஷயத்தில் அது நன்றாக இருக்காது.

தங்கையின் டிராஃப்ட் தானாகப் போகாது. யாராவது திறந்து ஷெட்யூல் கொடுத்தால்தான் போகும். எனக்கு இது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது, விலை முடிவாகாத எதையும் ஷெட்யூலில் போடாமல் டிராஃப்டிலேயே வையுங்கள், அவர் எழுதட்டும், நீங்கள் ஒரு முறை படித்துவிட்டு ஷெட்யூல் கொடுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராம் ஆப்பிலேயே நிறைய ரீல்ஸ் டிராஃப்ட் வைத்திருக்கிறேன். புது போன் வாங்கப் போகிறேன், அதே கணக்கில் லாகின் செய்தால் எல்லாம் வந்துவிடுமா?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: வராது. ஆப்பில் வைக்கும் டிராஃப்ட் உங்கள் கணக்கில் சேர்வதில்லை, அந்த போனிலேயேதான் இருக்கும். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலே போய்விடும், அதனால் ஆப் சரியாக ஓடவில்லை என்று யாராவது அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பழைய போன் கையில் இருக்கும்போதே ஒவ்வொரு ரீலையும் திறந்து வீடியோவை கேலரியில் சேமியுங்கள், கேப்ஷனைக் காப்பி செய்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள். ஆப்பில் சேர்த்த பாட்டு கேலரி வீடியோவில் வராமல் போகலாம், அதனால் பாட்டின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டோரி டிராஃப்ட் ஏதாவது இருந்தால் அதை முதலில் கவனியுங்கள், அது 7 நாளில் தானாகவே அழிந்துவிடும்.