வாசகர் கேள்வி பதில்: பிளாஸ்டிக் குப்பியில் டோஸ் ஏன் கூடுகிறது?

கேள்வி: கோபால்ட்-60 காமா பெட்டியின் டோஸை, அதாவது பொருள் உறிஞ்சும் கதிர் ஆற்றலை, ஃபிரிக்கெ கரைசலால் (கதிர் பட்டால் ஃபெர்ரஸ் இரும்பு ஃபெர்ரிக் ஆகும் அமிலக் கரைசல்) அளக்கிறோம். ஒரே இடத்தில் ஒரே நேரம் வைத்தாலும், கண்ணாடிக் குப்பியைவிடப் பிளாஸ்டிக் குப்பியில் கூடுதலாகக் காட்டுகிறது. எதை நம்புவது?
– முதுநிலை வேதியியல் மாணவி, திருச்சி

பதில்: கண்ணாடியை நம்புங்கள். கரைசலில் பெரும்பகுதி தண்ணீர். எனவே கதிரின் ஆற்றலை வாங்குவதும் தண்ணீர்தான். அது உடைந்து ஹைட்ரஜன் அணு, ஹைட்ராக்சில் தனி உறுப்பு (radical, இணையில்லா எலக்ட்ரான் கொண்ட துணுக்கு), ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை பிறக்கின்றன. ஹைட்ராக்சில் ஒரு ஃபெர்ரஸ் அயனியை ஃபெர்ரிக் ஆக்கும், பெராக்சைடு இரண்டை, ஹைட்ரஜன் அணு, கரைந்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மூன்றை. எல்லாம் கூட்டினால், உறிஞ்சிய 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு 15.6 ஃபெர்ரிக் அயனிகள். 1927-இல் ஹியூகோ ஃபிரிக்கெ தொடங்கிவைத்த இந்த முறை இன்றும் நிற்பது இந்தக் கணக்கின் உறுதியால்தான்.

பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் கரிமப் பொருள் துளி இருந்தாலும் கணக்கு கெடும். ஹைட்ராக்சில் அதைத் தாக்க, மிஞ்சும் உறுப்பு ஆக்சிஜனைப் பிடித்துப் பெராக்சி உறுப்பாகிறது. ஒரு ஃபெர்ரிக் வரவேண்டிய இடத்தில் மூன்று வரும். ரப்பர் மூடியும் சோப்பு மிச்சமும் இதே வேலையைச் செய்யும்.

கரைசலை இப்படித் தயாரியுங்கள்: 0.392 கிராம் மோர் (Mohr) உப்பு, அதாவது ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட், 0.058 கிராம் சோடியம் குளோரைடு, 22 மி.லி. அடர் கந்தக அமிலம், மொத்தம் 1 லிட்டர். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். தண்ணீரைக் காரப் பெர்மாங்கனேட்டுடன் ஒருமுறை காய்ச்சி வடித்தால் கரிம அழுக்கு போகும். குளோரைடு ஹைட்ராக்சிலைத் தானே பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்றாக இரும்பிடம் சேர்க்கும். அழுக்குக்கு வாய்ப்பு குறையும். சோடியம் குளோரைடு போட்டதும் போடாததும் ஒரே அளவு காட்டினால் தண்ணீர் சுத்தம். புதுக் குப்பிகளில் இதே கரைசலை நிரப்பி 500 கிரே (டோஸின் அலகு) கொடுத்து, கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கதிர்படாத குப்பி ஒன்றைக் கூடவே வையுங்கள்; கரைசல் சும்மா இருந்தாலும் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும். அதன் ஒளி உறிஞ்சல் 0.1-ஐத் தாண்டினால் புதிதாகத் தயாரியுங்கள். 304 நானோமீட்டர் அலைநீளத்தில், 1 செ.மீ. செல்லில், 25 டிகிரியில் கதிர்பட்டதற்கும் படாததற்குமான உறிஞ்சல் வித்தியாசத்தை 278-ஆல் பெருக்கினால் டோஸ் கிரேயில் கிடைக்கும். 100 கிரேக்கு 0.36 வரும். மே மாதத்தில் ஏசி இல்லாமல் 32 டிகிரியில் அளந்தால் ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதலாகக் காட்டும், டிகிரிக்கு 0.7 சதவீதம் கழியுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

கேள்வி: ஃபிரிக்கெ கரைசலில் 600 கிரேக்கு மேல் அளவு ஏறவே மாட்டேன் என்கிறது. கருவி பழுதா?
– ஆய்வக உதவியாளர், மதுரை

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கிரேயும் லிட்டருக்கு சுமார் 1.6 மைக்ரோமோல் இரும்பைத் தின்கிறது. நீங்கள் போட்டது 1 மில்லிமோல். 600 கிரேயில் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். ஆக்சிஜனும் குறைகிறது, அது இல்லையென்றால் 15.6 என்பது 8.2 ஆகிவிடும். 400 கிரேக்குள் நிறுத்துங்கள். மோர் உப்பைக் கூட்டி, ஆக்சிஜன் வாயுவைக் கரைசலில் குமிழியிட விட்டால் சுமார் 2 கிலோகிரே வரை போகலாம். அதற்கும் மேல் சீரியம் உலோகத்தின் சீரிக்-சீரஸ் சல்பேட் கரைசல்தான்.