அண்ணாச்சிட்ட கேளுங்க: பறக்குற தூரமும் டிக்கெட் நேரமும்

கேள்வி: அண்ணாச்சி, நம்ம தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்டுல இருந்து சென்னைக்கு மேப்புல கோடு போட்டு அளந்தா 527 கிலோமீட்டர் பக்கம்தான் காட்டுது, ஏடிஆர்ங்கிற சின்ன விசிறி பிளைட் மணிக்கு 500 போவும்ங்காவ, பெறவு டிக்கெட்ல மட்டும் ஏன் ஒன்றரை மணி நேரம்னு போட்டுருக்கு?
- பாளையங்கோட்டை வாசகர்

பதில்: கணக்கு சரிதான் தம்பி, ஆனா அந்த 500 மேல போயி நேரா பறக்கும்போது உள்ள ஸ்பீடுல்லா. ஏறும்போதும் எறங்கும்போதும் அவ்வளவு வராது. டிக்கெட்ல போடுத நேரம் பறக்குத நேரமும் இல்ல, இங்க வண்டி நகர ஆரம்பிச்சதுல இருந்து அங்க போயி நிறுத்துத வரைக்கும், ரன்வேக்கு உருண்டு போறது, மீனம்பாக்கத்துல எறங்க வரிசைல வட்டம் அடிக்கது எல்லாம் சேத்துதான். எதிர்க்காத்து அடிச்சா இன்னும் கொஞ்சம் இழுக்கும், பின்னாடி இருந்து தள்ளுனா சீக்கிரம் போயிரலாம்.

இன்னொண்ணு, பூமி உருண்டைங்கதால லண்டன் மாதிரி தூரத்துக்கு மேப்புல ஸ்கேல் வச்சா ஏமாந்துருவீய, குளோப்ல நூல இழுத்துப் புடிச்சுப் பாக்கணும். சென்னைக்கு அது பெருசா தெரியாது. பைலட்டுங்க நாட்டிக்கல் மைல்ல சொல்லுவாவ, ஒண்ணு 1.852 கிலோமீட்டர், உங்க 527 அப்போ 285 பக்கம்.

ஜங்ஷன்ல இருந்து வாகைக்குளம் போறது, செக்கிங்ல நிக்கது எல்லாம் நீங்களே கூட்டிக்கோங்க. நான் நெல்லை எக்ஸ்பிரஸ்ல தூங்கிட்டே போயிருவேன்.