மகளை விலை கொடுத்து வாங்கியவர்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கக் கறுப்பினப் பாடகிகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எங்கள் இசை வட்டத்தின் ஆண்டு மலருக்காக எலிசபெத் டெய்லர் கிரீன்ஃபீல்ட், எல்லா ஷெப்பர்ட், சிசியரெட்டா ஜோன்ஸ் ஆகிய மூவரின் குடும்ப வரலாற்றைத் தேடி எழுதிக்கொண்டிருக்கிறேன். அடிமைகளுக்கு ஆவணங்களே இல்லாததால் கச்சேரி விளம்பரங்களில் அச்சான வாழ்க்கைக் குறிப்புகளையே நம்ப வேண்டியிருக்கிறது. இவர்களுடைய வம்சாவளி முழுமையாகக் கிடைக்கும் இணையதளம் எது? மரபணுச் சோதனை உதவுமா? பாடல்களை ரசிக்க இந்த விவரங்களெல்லாம் தேவைதானா என்ற ஐயமும் எனக்கு உண்டு.

இன்னொன்று. ஷெப்பர்டின் தந்தை தன் சொந்த மகளை 350 டாலருக்கு வாங்கி, விடுதலைப் பத்திரம்கூட எழுதாமல், சட்டப்படி அவளைத் தன் உடைமையாகவே வைத்திருந்தார் என்று படித்தேன். பாதிக்கப்பட்டவர்களும் அந்த வியாபாரத்தில் பங்கெடுத்தார்கள் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஆர்., கோவை

*

அன்புள்ள ஆர்.,

சில மாதங்களாக ஷெப்பர்டின் குடும்பத்தைப் பற்றியே வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் உங்கள் கடிதத்திற்கு அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கடைசிப் பத்தியைப் படித்தபோது வந்த கோபம் அடங்கட்டும் என்று எடுத்து வைத்துவிட்டேன். அது முழுவதும் அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதனால் சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

வம்சாவளி முழுமையாகக் கிடைக்கும் இணையதளம் எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லிக்கொள்ளும் குடும்ப மரங்களில் பல, ஒருவர் ஊகித்து எழுதியதை மற்றவர்கள் சரிபார்க்காமல் நகலெடுத்தவை. மரபணுச் சோதனை இன்று வாழும் வழித்தோன்றல்கள் தங்கள் உறவினரைக் கண்டுபிடிக்க உதவும். உங்கள் கட்டுரைக்கு உதவாது. ரசிப்பதற்குக் குடும்ப விவரங்கள் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதும் மூவரில் ஒருவருடைய குரலும் ஒலிப்பதிவாக நமக்குக் கிடைக்கவில்லை. ஷெப்பர்ட் இடம்பெற்றிருந்த ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் என்ற குழுவின் பெயரில் முதல் இசைத்தட்டுப் பதிவு 1909இல்தான் நடந்தது. அதில் பாடியவர்கள் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த நான்கு ஆண்கள். குரல் போய்விட்டது, காகிதம் இருக்கிறது. அதைப் படிக்கவும் மனமில்லை என்றால் இவர்களைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது.

ஆவணங்களே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யார் உங்களுக்குச் சொன்னது? விலை உள்ள எதையும் அமெரிக்க மாவட்ட நீதிமன்றங்கள் பதிவு செய்யாமல் விட்டதில்லை. மனிதர்கள் அங்கே சொத்தாக இருந்ததால் உயிலிலும், இறந்தவரின் சொத்து மதிப்பீட்டுப் பட்டியலிலும், கிரயப் பத்திரத்திலும், அடமானத்திலும், கடன் வழக்கிலும் அவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் முதற்பெயரோடும் விலையோடும். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை உண்டு. அதில் எஜமானரின் பெயர் முழுதாக இருக்கும். அவருக்குக் கீழே ஒருவருக்கு ஒரு வரியாக வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், பெயர் அநேகமாக இருக்காது. எல்லாக் கறுப்பின மக்களையும் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கெடுப்பு 1870இல்தான் வந்தது. அதிலும் ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்ற கேள்வி இல்லை. அந்தக் கேள்வி 1880இல் சேர்க்கப்பட்டது. எனவே 1870இலிருந்து பின்னோக்கி நகர விரும்புகிறவர், பாடகியின் பெயரை விட்டுவிட்டு எஜமானரின் பெயரைத் தேட வேண்டும். அது கசப்பான வேலைதான். ஃபிஸ்க் குழுவின் தாழ்குரல் பாடகர் ஃபிரெடரிக் லூடின் போன்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை, அவர் ஒஹாயோவில் சுதந்திரராகப் பிறந்தவர். சுதந்திரமான கறுப்பினக் குடும்பங்களின் பெயர்களை 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே எழுதிவிட்டது.

தாயிலிருந்து தொடங்குங்கள் என்றும் சொல்வேன். 1662இல் வர்ஜீனியாவில் இயற்றப்பட்ட சட்டம், குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று விதித்தது. அமெரிக்காவின் தெற்கு முழுவதும் அதுவே நெறியானது. இதனால் பண்ணைக் கணக்குகளில் குழந்தை தாயின் பெயரோடு எழுதப்பட்டது. தந்தையின் பெயரை எழுத வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. கிரீன்ஃபீல்டின் கதையிலும் இதைக் காணலாம். மிசிசிப்பியின் நாட்செஸ் நகரில் அடிமையாகப் பிறந்து, பிலடெல்பியாவில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சார்ந்த எஜமானியிடம் வளர்ந்து, ‘கருப்பு அன்னம்’ என்று புகழ்பெற்று, 1854 மே மாதத்தில் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா அரசியின் முன் பாடியவர் அவர். அவர் பிறந்த ஆண்டைப் பற்றி நூல்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. கச்சேரி ஏற்பாட்டாளர்கள் அச்சிட்ட குறிப்புகள் அரங்கை நிரப்புவதற்காக எழுதப்பட்டவை. அந்த எஜமானி 1845இல் இறந்தபோது விட்டுச்சென்ற உயிலையும், அதில் பாடகிக்கென்று ஒதுக்கிய தொகையை எதிர்த்து எழுந்த வழக்கையும் தேடுங்கள். வழக்காடுகிறவர்கள் யார் யாருக்கு என்ன உறவு என்பதை நீதிமன்றத்தில் சொல்லியே ஆக வேண்டும். சிசியரெட்டா ஜோன்ஸின் குடும்பம் இவ்வளவு சிரமம் தராது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் பிறந்தவர், தந்தை மெதடிஸ்ட் சபைப் போதகர், தாய் சலவைத் தொழில் செய்தவர். 1933இல் பிராவிடன்ஸ் நகரில் வறுமையில் இறந்த அவருடைய கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் எழுதத் தவறாதீர்கள்.

ஃப்ரீட்மேன்ஸ் சேமிப்பு வங்கியின் பதிவேடுகளைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1865இல் தொடங்கி 1874இல் நொடித்துப்போன அந்த வங்கி, விடுதலை பெற்றவர்களின் சேமிப்பைக் கரைத்துவிட்டது. அதை மன்னிக்க முடியாது. ஆனால் கணக்குத் தொடங்க வந்தவரிடம், கையெழுத்துப் போடத் தெரியாதவரை அடையாளம் காண்பதற்காக, அது பெற்றோர் யார், உடன்பிறந்தோர் யார், பிறந்த இடம் எது, பல கிளைகளில் முன்னாள் எஜமானர் யார் என்றுகூடக் கேட்டு எழுதி வைத்தது. விற்கப்பட்டுப் பிரிந்த தம்பி தங்கையரின் பெயர்களை முதன்முறையாக ஒருவர் வாய்விட்டுச் சொல்லி எழுதவைத்த ஏடு பலருக்கு அதுதான். ஏறத்தாழ 4,80,000 பெயர்கள் கொண்ட அந்தப் பதிவேடுகளுக்கு அட்டவணை தயாரித்தவர்கள் யூட்டா மாநிலச் சிறையின் கைதிகள். பதினோரு ஆண்டுகள் உழைத்து 2001இல் முடித்தார்கள். ஷெப்பர்டின் ஊரான நாஷ்வில்லிலும் இந்த வங்கிக்குக் கிளை இருந்தது. நீங்கள் அங்கே தேடினீர்களா? ஆவணமே இல்லை என்று எழுதுவதற்கு முன் தேடியிருக்க வேண்டும்.

இனி சைமன் ஷெப்பர்டுக்கு வருகிறேன்.

அவர் நாஷ்வில்லில் அடிமையாக இருந்தவர். வெளியே வேலை செய்து கூலியில் மிச்சம் பிடித்து, 1,800 டாலர் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். மனைவி சாராவையும் மீட்க விரும்பினார். விற்பதாகச் சொல்லியிருந்த எஜமானி பிறகு மறுத்துவிட்டார். 1851இல் பிறந்த குழந்தையை அந்த எஜமானி, தாய் என்ன பேசுகிறாள் என்று வேவு பார்த்துச் சொல்லப் பழக்கினார். இதை அறிந்த சாரா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் விழப் போனதாகவும், வழியில் ஒரு முதியவள் தடுத்து, இந்தப் பெண் அரசர்கள் முன்னால் நிற்பாள் என்று சொன்னதாகவும் ஷெப்பர்ட் பின்னாளில் எழுதினார். அதன் பிறகுதான் 350 டாலரும் கிரயமும் வருகின்றன. சாரா எஜமானியோடு மிசிசிப்பிக்குக் கொண்டுபோகப்பட்டார். குழந்தை தந்தையிடம் வந்தது.

இதை நீங்கள் வியாபாரத்தில் பங்கெடுத்தது என்று எழுதுகிறீர்கள். குழந்தையை அவர் வேறு எந்த வழியில் பெற்றிருக்க முடியும், சொல்லுங்கள். அந்தக் குழந்தை சட்டப்படி இன்னொருத்தியின் சொத்து. தூக்கிக்கொண்டு போனால் திருட்டு. மன்றாடிப் பார்த்தும் மனைவி கிடைக்கவில்லை. விற்கப்படும் ஒன்றை அடைய அவருக்குத் திறந்திருந்த ஒரே வாசல் வாங்குவதுதான், அந்த வாசலைக் கட்டியவர் அவரில்லை.

விடுதலைப் பத்திரம் ஏன் எழுதவில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. நாஷ்வில் இருக்கும் டென்னசி மாநிலத்தின் 1831ஆம் ஆண்டுச் சட்டம், விடுவிக்கப்படுகிறவர் மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பின்னர் சற்றுத் தளர்ந்த அந்த விதி 1850களில் மறுபடி இறுகியது. வெளியேறாமல் தங்கியிருந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் அது அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விட்டால்தான். மகளுக்கு விடுதலை எழுதுவது மகளை நாடுகடத்தச் சொல்லி மனுப் போடுவதாக முடியலாம் என்ற நிலையில், அவளைத் தன் பெயரிலேயே வைத்திருப்பதுதான் பல தந்தையருக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது. அந்தப் பாதுகாப்புக்கும் ஒரு விலை இருந்தது. சைமனின் தொழில் நொடித்துக் கடன் ஏறியபோது, கடன்காரர்கள் அவருடைய உடைமைகளைக் கைப்பற்றலாம் என்றானது. அந்த உடைமைகளில் அவர் மறுமணம் செய்துகொண்ட மனைவியும் மகளும் அடக்கம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர்கள் சின்சினாட்டிக்கு ஓடினார்கள். மகளை விற்றுக் கடனை அடைத்திருக்கலாம் என்று அன்றைய சட்டம் அவருக்கு உரிமை கொடுத்திருந்தது. தொழிலையும் வீட்டையும் ஊரையும் கொடுத்து அந்த உரிமையை அவர் உதறினார். உங்கள் பத்தியில் இது இல்லை.

இவர் தனியொருவரும் இல்லை. கறுப்பின வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சன், 1830ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த சுதந்திரக் கறுப்பினத்தவரின் பட்டியலை 1924இல் வெளியிட்டபோதே, அவர்களில் பெரும்பான்மையோர் மனைவியையோ பிள்ளையையோ மீட்பதற்காக வாங்கியவர்கள் என்று விளக்கியிருந்தார். லாபத்திற்காக வைத்திருந்தவர்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆகையால்தான் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்கிறேன். ஒரு வீட்டில் உடைமையாளர் கறுப்பினத்தவர், அவர் பெயரில் ஒரு பெண், இரண்டு சிறுவர் என்று இருந்தால், வயதைப் பாருங்கள், 1870இல் அந்தப் பெயர்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பணி ஓய்வு பெறும்வரை நான் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். ஒரு கிரயப் பத்திரத்தில் தொகை இருக்கும், சொத்து விவரம் இருக்கும், நான்கெல்லை இருக்கும், சாட்சிகளின் கையெழுத்து இருக்கும். கடன்காரனிடமிருந்து வீட்டைக் காப்பாற்ற அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்த கிரயமும், ஏமாற்றி எழுதி வாங்கிய கிரயமும் வாசகத்தில் ஒன்றுபோலவே இருக்கும். எழுதிக் கொடுத்தவரின் முகத்தைப் பார்த்த எங்களுக்கு வேறுபாடு தெரியும். பிறகு நகல் எடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் 350 டாலர் என்ற எண்ணை வைத்து ஒரு தந்தையின் மனத்தைத் தீர்மானிக்க நீங்கள் துணிந்ததை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பத்திரம் பொய் சொல்லவில்லை, பத்திரத்திடம் கேட்கக் கூடாததை நீங்கள் கேட்டீர்கள். ஆற்றங்கரை முதியவளின் கதையைக் குடும்பக் கதைதானே என்று ஒதுக்கிவிட்டு விலையை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அந்த முதியவள் சொன்ன வாக்கை எந்தப் பதிவேட்டிலும் சரிபார்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் தாய் எதற்கு அஞ்சினாள், மகளை ஏன் விட்டுக்கொடுத்தாள் என்பதை அந்தக் கதை தவிர வேறெதுவும் நமக்குச் சொல்வதில்லை. இரண்டையும் அருகருகே வைத்து எழுதுங்கள், எது எங்கிருந்து வந்தது என்று குறிப்பிட்டு.

சைமன் 1866இல் காலராவில் இறந்தார். சின்சினாட்டியில் மகள் பியானோ கற்றது ஒரு வெள்ளை ஆசிரியரிடம், இரவு நேரத்தில், பின்வாசல் வழியாக, யாருக்கும் தெரியக் கூடாது என்ற நிபந்தனையுடன். 1868இல் ஆறு டாலருடன் நாஷ்வில்லின் ஃபிஸ்க் பள்ளிக்கு வந்தார். 1871 அக்டோபரில் புறப்பட்ட ஜூபிலி பாடகர்களின் முதல் குழுவில் பியானோ வாசித்துப் பாடி, 1873இல் விக்டோரியா அரசியின் முன் நின்றார். போருக்குப் பின் தாயைத் தேடிக் கண்டுபிடித்து நாஷ்வில்லுக்கு அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டார். அதே குழுவில் பாடிய தாமஸ் ரட்லிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை; தாய் விற்கப்பட்டுப் பிரிந்த நாள்தான் அவருடைய முதல் நினைவு. அப்படிப் பிரிந்தவர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரின் மெதடிஸ்ட் பத்திரிகை ஒன்றில் தேடுதல் விளம்பரம் கொடுத்தார்கள். போதகர்கள் அவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் உரக்க வாசித்தார்கள். தாயின் பெயர், எஜமானரின் பெயர், விற்கப்பட்ட ஊர் எல்லாம் அந்த விளம்பரங்களில் இருக்கின்றன. அவை இப்போது இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் தர முடிந்த நேரடியான பதில் இதுதான்: இவற்றையும், வங்கிப் பதிவேட்டையும், நாட்செஸ் அமைந்த ஆடம்ஸ் மாவட்டத்தின் உயில் ஏடுகளையும் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

மலர் அச்சுக்குப் போவதற்குள் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் சைமன் தனக்காகக் கொடுத்த 1,800 டாலரையும், மகளுக்காகக் கொடுத்த 350 டாலரையும், சாராவுக்காகக் கொடுக்கத் தயாராக இருந்தும் வாங்கிக்கொள்ள மறுக்கப்பட்ட தொகையையும் சேர்த்து எழுதுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்.